ஒன்பது அணிகள், ஒரு பிளேஆஃப்கூட இல்லை

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக் ஹார்வர்டில் படித்தவர். 2005 டிராஃப்டில் 250ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். 17 சீசன், 9 அணி. ஒன்பதுக்கும் ஆட்டத்தைத் தொடங்கி ஆடியிருக்கிறார். பிளேஆஃப் மட்டும் ஒன்றுகூட ஆடியதில்லை.

கிட்டே வந்தது 2015 சீசனில். நியூயார்க் ஜெட்ஸுக்காக 31 டச்டவுன் எறிந்தார். அந்த அணியின் சாதனை அது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் போதும். எதிரே அவருடைய பழைய அணி பஃபலோ. கடைசிக் கால்பகுதியில் அவர் எறிந்த பந்தை மூன்று முறை எதிரணி பிடித்துவிட்டது. 17-22. போச்சு.

அதன்பிறகும் மூன்று அணிகள் கூப்பிட்டன. மயாமியில் இளம் துவா டாகோவைலோவா தயாராகும்வரை ஆட்டம் நடந்தாக வேண்டுமே! சாஃப்ட்வேரில் இப்படிப்பட்டவர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். ரிலீஸ் அன்றைக்கு அவர்கள் வேறு கம்பெனியில் இருப்பார்கள்.