கம்பியில்லா வலையமைப்பில் மோதல் தவிர்ப்பு

ஒரே அலைவரிசையைப் பகிரும் வானொலிக் கருவிகள் ஒரே வேளையில் தரவை அனுப்பி ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாதிருக்கக் கையாளும் முறைகள் இப்பெயரால் வழங்கும்.

இதன் தொடக்கம் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோகா வலையமைப்பு. நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் தீவுகளில் இருந்த முனையங்களை வானொலி வழியே மையக் கணினியோடு இணைத்தனர். விதி ஒன்றே: தரவு இருந்தால் உடனே அனுப்பு; ஒப்புகை வராவிட்டால் தற்போக்காகத் தேர்ந்த சிறிது நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் 18.4 சதவீதத்துக்கு மேல் பயன்படாது. நேரத்தைச் சம துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பலாம் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972இல் செய்த திருத்தம் அதை இரட்டிப்பாக்கியது.

அனுப்புமுன் காதுகொடுத்துக் கேட்பது அடுத்த படி. லெனார்ட் கிளைன்ராக்கும் ஃபுவாத் தொபாகியும் 1975இல் இதை ஆராய்ந்தபோது அதன் ஓட்டையையும் சேர்த்தே காட்டினர். குன்றின் இருபுறமும் உள்ள இரு கருவிகள் ஒன்றையொன்று கேளா. உச்சியிலுள்ள நிலையத்துக்கோ இரண்டின் அலையும் எட்டும். இரண்டும் அமைதி என்று நம்பி அனுப்ப, மோதல் நிலையத்தில் நடக்கிறது. இதுவே மறைமுனையச் சிக்கல். ஈதர்நெட் கம்பியில் மோதலை அக்கணமே உணர்ந்து நிறுத்திவிடலாம். வானொலியில் சொந்த அலையின் இரைச்சலே பிற எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். ஆகவே முன்கூட்டித் தவிர்ப்பதே வழி.

ஃபில் கார்ன் 1990இல் அமெச்சூர் வானொலியாளர்களுக்காக முன்வைத்த முறையில், அனுப்புபவர் முதலில் சிறு கோரிக்கை விடுப்பார். பெறுபவர் அனுமதி தருவார். அதைக் கேட்கும் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். 1997இல் வந்த 802.11 வைஃபை தரநிலை இதை விருப்பத்தேர்வாக ஏற்றது. கட்டாயமாக்கியது வேறொன்றை: அலைவரிசை காலியானதும் கருவி ஒவ்வொன்றும் தற்போக்காக ஓர் எண்ணைத் தேர்ந்து பூச்சியம் வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். 802.11பி வகையில் ஓர் எண்ணுக்கு 20 மைக்ரோநொடி. தோல்விதோறும் எண்ணின் வரம்பு 31, 63 என்று 1023 வரை ஏறும். கோரிக்கை முறை கோட்பாட்டில் நேர்த்தியானது. சிறு பாக்கெட்டுகளுக்கு அதன் முன்னுரையே பாரமாகிவிடுவதால் வீட்டு ரூட்டர்களில் அது பெரிதும் பயன்படுவதில்லை.

வெளிக்குறுக்கீடு தனிக்கதை. வைஃபை புழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இயங்குகின்றன. பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படராத தடங்கள் வழக்கில் 1, 6, 11 ஆகிய மூன்றே.

2021இல் ஏற்கப்பட்ட 802.11ஏஎக்ஸில், யார் எப்போது எந்தத் துணை அலைவரிசையில் பேசுவது என்பதை அணுகுநிலையமான ரூட்டரே பங்கிட்டுத் தரலாம். செல்பேசிக் கோபுரங்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தான். ஆனால் செல்பேசிக் கோபுரத்துக்கு உரிமம் பெற்ற தனி அலைவரிசை உண்டு. பொதுப் பட்டையில் இயங்கும் வைஃபை நிலையமோ, பங்கிடத் தொடங்கும் முன் மற்றக் கருவிகளைப் போலவே எண்ணிக் காத்திருந்துதான் தன் வாய்ப்பைப் பெறவேண்டும்.