பஞ்சரம்

சுங்கை பூலோ சிறைக்கு மலாயில் ‘பெஞ்சாரா சுங்கை பூலோ’ என்று பெயர். ஈஜோக் தோட்டத்துத் தமிழர் வாயில் அது ஜெயிலு, நாளிதழில் சிறைச்சாலை. ஆனால் பெஞ்சாரா நமக்கு அந்நியமான சொல்லன்று. வடமொழியின் ‘பஞ்சரம்’தான் கடல் கடந்து அப்படி ஆனது. பொருள், பறவைக்கூண்டு. மலாய்க்காரர் இன்று பறவைக்கூண்டைச் ‘சங்கார்’ என்கிறார்கள். பெஞ்சாரா மனிதருக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது.

தமிழில் கிளியும் கூண்டுக்குப் போய்விட்டது, நீதிமன்றத்துச் சாட்சியும் கூண்டில்தான் ஏறுகிறார். பஞ்சரத்தை விடாமல் காத்தவர்கள் ஸ்தபதிகள். விமானத் தளத்தின் மூலையில் கர்ணகூடம், நடுவில் சாலை, இரண்டுக்கும் இடையே பஞ்சரம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் கும்பபஞ்சரத்தைக் கிட்ட நின்று பாருங்கள்: கீழே ஒரு குடம், அதன் வாயிலிருந்து எழும் மெல்லிய தூண், உச்சியில் கூடு முகப்போடு ஒரு குட்டிக் கோயில். அடைக்கும் கூண்டு இங்கே தெய்வம் குடியிருக்கும் கூடாகிவிட்டது. சொற்கள் அடைந்த மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

எப்படி மாறினாலும் பஞ்சரம் சிறியதுதான். 1895இல் கட்டி முடித்த கோலாலம்பூர் புடு ஜெயில் மேலிருந்து பார்க்கப் பெருக்கல் குறி வடிவில் விரிந்து கிடந்தது. உள்ளே அறைகளோ குறுகியவை. அங்கிருந்த கைதிகள் 1996இல் சுங்கை பூலோவுக்கு மாற்றப்பட்டார்கள்.

இந்தச் சிறுமையைத் தூக்கி எறிந்தவர் இத்தாலியச் செதுக்கோவியர் பிரானேசி. ‘கற்பனைச் சிறைகள்’ என்ற தொகுப்பை 1750ஐ ஒட்டி 14 தகடுகளில் வெளியிட்டார். வளைவுக்கு மேல் வளைவு, தொங்கு பாலங்கள், சக்கரங்கள், எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகள். நடுவே எறும்பளவு மனிதர். மேடை நாடகக் காட்சிகளில் ஊறிய கை. செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்தெடுக்கும் முறை அது. 1761இல் அதே தகடுகளை இன்னும் ஆழமாக அரித்து, இருளைக் கூட்டி, இரண்டு புதிய தகடுகளும் சேர்த்தார். கூண்டின் நெருக்கம் எங்குமில்லை. வெளியே போகும் வழியும் கண்ணுக்கு அகப்படுவதில்லை. இரண்டாம் பதிப்பே மேலானது என்பேன்.

அவர் ஆண்ட சொல் ‘கார்செரி’. அதன் லத்தீன் மூலமான ‘கார்செர்’ பந்தயக் குதிரைகளை நிறுத்தும் கொட்டடியையும் குறித்தது. அங்கேயும் விலங்கின் அடைப்பிடம்தான். ரோமாபுரியின் பழஞ்சிறைக்கும் அதுவே பெயர். கடைசித் தகட்டில் அந்தச் சிறை எழுந்த காரணத்தைச் சொல்லும் வரலாற்றாசிரியர் லிவியின் வாசகத்தைக் கல்வெட்டுப்போல் பொறித்திருக்கிறார் பிரானேசி. கேப்பிட்டல் குன்றின் அடியில் அந்தச் சிறை இன்றும் இருக்கிறது: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிற்றறைகள், கீழறைக்கு ஆளை இறக்கத் தரையில் ஒரு துளை. பிரானேசியின் படிக்கட்டு ஒன்றுகூட அதற்குள் அடங்காது.