இதயத் தமனிச் சிகிச்சையின்போது நேரும் பெருந்தமனிச் சுவர்ப் பிளவு

ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி ஆகியவற்றின்போது மிக அரிதாக நேரும் ஆபத்தான சிக்கல். கதீட்டரின் முனையோ பலூனோ இதயத் தமனியின் வாயருகே உட்படலத்தைக் கிழித்துவிட, அவ்வழியே நுழையும் ரத்தம் சுவரின் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு பெருந்தமனிக்குள் பின்னோக்கி ஏறுகிறது. திரையில் சாயமருந்து ஓடி மறையாமல் சுவரோரம் கறையாகத் தங்கி நிற்கும். அதைக் கண்ட கணமே சாயம் செலுத்துவதை நிறுத்த வேண்டும். மேலும் செலுத்தினால் பிளவு நொடிகளில் நீளக்கூடும். வலது இதயத் தமனியிலேயே இது அதிகம்.

2000-இல் டன்னிங் குழுவினர் 43,143 பரிசோதனைகளை ஆராய்ந்தபோது 9 பேரிடம் மட்டுமே இதைக் கண்டனர். அவர்கள் வகுத்த பிரிவுகள் இன்றும் வழக்கில் உள்ளன: பெருந்தமனியின் வேரோடு நிற்பது முதல் வகை, மேலே 40 மி.மீ.க்குள் அடங்குவது இரண்டாவது. அதைத் தாண்டுவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் கிழிசலின் வாயை ஸ்டென்ட்டால் மூடி, சி.டி. ஸ்கேனில் கண்காணிப்பதே பெரும்பாலும் போதும்.

பிளவு பரவினாலோ, இதய உறைக்குள் ரத்தம் கசிந்தாலோ, பெருந்தமனி வால்வு ஒழுகினாலோ அவசர அறுவை சிகிச்சை தேவை. சேதமடைந்த ஏறுபெருந்தமனியை அகற்றி டாக்ரான் குழாய் பொருத்துவர். வேரும் சிதைந்திருந்தால், 1968-இல் பென்டாலும் டி போனோவும் விவரித்த முறைப்படி வால்வோடு இணைந்த குழாயை வைத்து, இதயத் தமனிகளை அதில் தைப்பர். வாய் சிதைந்த தமனிக்குக் கால் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்வதுண்டு. ஸ்டென்ட்டுக்காக முன்பே தரப்பட்ட குளோபிடோக்ரெல் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளால் அதிகரிக்கும் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதுதான் இங்கே அறுவை மருத்துவருக்குப் பெரும் சவால்.