மறைத்த ஊசி, பகிர்ந்த ஊசி

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், ஃபிரிட்ஜில் இருந்த என் இன்சுலினை அம்மா பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வந்தவர்களில் யாராவது ஐஸ் தண்ணீர் கேட்டு, கதவைத் திறக்கும்போது கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம். எனக்கு 13 வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. ஊசி போடாமல் ஒரு வாய் சாப்பிட்டாலும் கணக்கு தப்பும். ஆனாலும் அன்று, "கூச்சப்படாம எடுத்துக்கோம்மா" என்று தட்டில் வைத்த கேசரியைச் சிரித்துக்கொண்டே தின்றேன். அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் நின்றுபோனது.

அதே வீட்டில் அப்பாவுக்கும் சர்க்கரை. அவருடையது ஊரறிந்த நோய். விருந்துக்குப் போனால், "அவருக்குச் சுகர், பாயசம் வேண்டாம்" என்று அம்மாவே பந்தியில் சொல்வார். மாத்திரையை நேரம் பார்த்து எடுத்துக் கொடுப்பது, அவருக்கென்று தனியாகச் சப்பாத்தி போடுவது, வருடத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் இழுத்துப் போவது எல்லாம் அம்மாதான். அப்பாவின் நோய் அம்மாவுக்கு வேலை. என் நோய் அம்மாவுக்கு அவமானம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கியபோதுதான் இரண்டு பெண்களின் கதைகளுக்கு வந்து சேர்ந்தேன்.

இன்சுலினுக்கு முன்பு என்னைப் போன்றவர்களுக்குக் காதலும் கல்யாணமும் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. நோய் வந்த சிறுவர் சிறுமியர் அந்த வயது வரை பெரும்பாலும் உயிரோடு இருக்கவில்லை. மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி பட்டினி. உணவைக் குறைத்துக் குறைத்துச் சாவைச் சில மாதங்களோ, சில வருடங்களோ தள்ளிப்போட்டார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் அங்கே பான்டிங்கிடம் வந்து சேர்ந்தார். அமெரிக்க வெளியுறவுச் செயலரின் மகள். 11 வயதில் நோய் வந்து, 3 வருடம் பட்டினிச் சிகிச்சையில் கிடந்து, 15 வயதை எட்டும் நேரத்தில் அவர் எடை சுமார் 20 கிலோ.

எலிசபெத் பிழைத்தார். படித்தார். 1930இல் வில்லியம் காசெட் என்ற வழக்கறிஞரை மணந்தார்; 3 குழந்தைகள் பெற்றார். 1981இல் தன் 73ஆம் வயதில் இறக்கும் வரை 42,000 தடவைக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டிருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் மிக நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் அவர் நீரிழிவு தெரியாது. நோயுற்று மெலிந்திருந்த காலத்துப் படங்களை அழித்தார். தந்தையின் ஆவணங்களிலிருந்து தன் நோய் பற்றிய குறிப்புகளை நீக்கினார். இதே பெண்தான் பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஒரு நீதிமன்றத்தின் வரலாற்றைக் காப்பாற்ற நினைத்தவர், தன் உடலின் வரலாற்றைத் தானே துடைத்திருக்கிறார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு செல்வாக்கு உள்ளவளுக்கு என்ன பயம்? பிறகு பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. மனைவியாகவும் தாயாகவும் ஆகப்போகிறவளின் உடலில் குறை இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு பாஸ்டனுக்கும் பொது, எங்கள் தெருவுக்கும் பொது. நீரிழிவுள்ள பெண் கருத்தரிப்பது ஆபத்து என்றே அக்கால மருத்துவமும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கருத்தை மாற்றப் பல பத்தாண்டுகள் உழைத்தவர் பாஸ்டனின் ஜோஸ்லின் மருத்துவமனையில் பணியாற்றிய பிரிசில்லா ஒயிட். கர்ப்பிணிகளின் நீரிழிவை வகைப்படுத்தி 1949இல் அவர் வெளியிட்ட முறை உலகெங்கும் பயன்பட்டது. நீரிழிவுள்ள பெண்களும் பிள்ளை பெறலாம் என்பதை ஒரு பெண் மருத்துவர் பிரசவம் பிரசவமாக நிரூபிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது கதை ஈவா சாக்ஸலுடையது. பிராகில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி, கணவர் விக்டருடன் ஷாங்காய்க்கு வந்தார். அங்கேதான் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நகரத்தை முழுமையாகப் பிடித்ததும் மருந்துக் கடைகளில் இன்சுலின் இல்லாமல் போனது. கள்ளச் சந்தையில் விற்றதை நம்ப முடியவில்லை. கையில் இருந்த மருந்து தீர்ந்துகொண்டிருந்தது.

விக்டர் துணி ஆலைப் பொறியாளர், மருத்துவம் தெரியாது. பான்டிங் குழுவினர் இன்சுலின் எடுத்த முறையை ஒரு மருத்துவ நூலில் படித்து, ஒரு சீன வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்று, இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். எருமைகளின் கணையத்திலிருந்து சாறெடுத்தார்கள். முயல்களுக்குச் செலுத்திச் சோதித்தார்கள். கிடைத்தது பழுப்பு நிறத் திரவம். அதை மனித உடலில் முதலில் ஏற்றிக்கொண்டவர் ஈவா. அவருக்குப் பலித்த பிறகு, நகரத்தில் இருந்த நூற்றுக்கணக்கான நோயாளிகள் போர் முடியும்வரை அந்த இன்சுலினால் பிழைத்தார்கள்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் மனைவியைக் காப்பாற்றிய கணவனின் காதல் கதையாகவே சொல்கிறார்கள். விக்டரின் காதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவரோடு நின்று வேலை செய்தவர் ஈவா. தவறாகப் போனால் சாகப்போவது தான்தான் என்று தெரிந்தே ஊசியை ஏற்றிக்கொண்டவரும் ஈவா. போருக்குப் பின் அமெரிக்காவில் மேடை மேடையாக நின்று, எனக்கு நீரிழிவு என்று வெளிப்படையாகப் பேசியவரும் அவரே. 2002இல் சிலியில் இறந்தார். அவர்கள் இருவருக்கும் நடுவில் நோய் ஒளித்து வைக்க வேண்டிய பொருளாக இல்லை, சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாக இருந்தது.

எலிசபெத்தை ஈவாவோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷாங்காயில் மறைக்க வழியில்லை; மறைத்தால் சாவு. எலிசபெத்திடம் மறைப்பதற்கான வசதி இருந்தது, மறைக்கச் சொல்லும் சமூகமும் இருந்தது. சொல்லும் துணிவை ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு முன், சொன்ன பிறகு அவளுக்கு என்ன நேரும் என்று நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் சேர்ந்து வாழ்பவரிடம் இரண்டாவது சந்திப்பிலேயே சொல்லிவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "லோ ஆனா நான் என்ன செய்யணும்?" எல்லாம் அதோடு சுலபமாகிவிடவில்லை. நெருக்கமான நேரத்தில் கை நடுங்கி, எழுந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி தொடங்க மனமில்லாமல் இருவரும் சிரித்த இரவுகள் உண்டு. மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் ஏறும் சர்க்கரைக்காக அவர்மேல் எரிந்து விழுந்ததும் உண்டு. ஒரு காலத்தில் அவர் என் தட்டைக் கண்காணிக்கத் தொடங்கினார். அக்கறை காவலாக மாறும் இடம் அது. தட்டு என்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், புரிந்துகொண்டார்.

போன பொங்கலுக்கு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து, கதவுத் தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த இன்சுலினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைச் சற்று நகர்த்தி, தான் கொண்டுவந்த தயிர்ப் பாத்திரத்தை அருகில் வைத்தார்.