இரண்டு டாங்கிகளும் ஒரு வாயிலும்

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் சுதந்திர மாளிகையின் நடுவாயிலை முதலில் உடைத்தது 843ஆம் எண் டாங்கி என்றே வியட்நாமில் சொல்லப்பட்டுவந்தது. அதன் தளபதி புய் குவாங் தன் என்பவரே ஓடிப்போய் மாளிகை உச்சியில் கொடியேற்றியவர். கொடி போன இடத்துக்கே வாயிலும் போய்ச் சேர்ந்தது. டாங்கி ஹனோய் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளானது.

1995இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பிரான்சுவாஸ் தெமுல்தேர் அன்று எடுத்த படம் வியட்நாமில் வெளிச்சத்துக்கு வந்தது. நடுவாயிலை உடைத்து நுழைவது 390. 843 பக்கவாயிலில் சிக்கி நின்றுவிட்டது.

843 சோவியத் தயாரிப்பான டி-54. 390 சீனத் தயாரிப்பான டைப் 59. இடையில் 1979இல் சீனா வியட்நாம்மீது படையெடுத்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சீன டாங்கியின் கதையைக் கேட்கக் காதுகள் எத்தனை இருந்திருக்கும்?

"யாரு மொதல்ல இடிச்சா என்ன தோழர், ஜெயிச்சாச்சுல்ல?" என்பீர்கள். 390க்குள் இருந்த நாலு பேரிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2012இல் இரண்டுமே தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் 390 இருப்பது வேறிடத்தில், கவசப்படை அருங்காட்சியகத்தில்.

ஏகாதிபத்தியத்தை வென்றவர்களின் பக்கம்தான் நானும். அதனாலேயே அவர்களுடைய அருங்காட்சியகத்தையும் ஒரு பிரதியாக, அதன் மௌனங்களோடு சேர்த்து வாசிக்கச் சொல்கிறேன்.