கடல் கடந்து வந்த முகங்கள்

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் பயணம் ஐரோப்பாவில் தொடங்குகிறது. அங்கே செய்த கண்ணாடித் தகடுகள் 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறிச் சீனத்தின் கான்டன் துறைமுகத்துக்குப் போயின. கண்ணாடியின் பின்புறத்தில் படம் எழுதும் வித்தையை ஐரோப்பியரிடமிருந்து அறிந்த சீன ஓவியர்கள், வியாபாரிகள் கேட்ட உருவங்களை அவற்றில் தீட்டினார்கள். அந்தப் படங்கள் வணிகக் கப்பல்களில் இந்தியாவின் மேற்குக் கரையில் இறங்கின. நூற்றாண்டின் இறுதியில் சீன ஓவியர்கள் சிலரும் வந்து, குஜராத், மராட்டிய அரசவைகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மராட்டியர் ஆண்ட தஞ்சாவூரில் இந்த வித்தை வேர்பிடித்தது. பலகையில் படம் எழுதிய சித்திரக்காரர்கள் கண்ணாடியையும் கையிலெடுத்தார்கள். படத்தை மறுபக்கத்திலிருந்து பார்ப்பதால், பலகையில் கடைசியாக எழுதுவதைக் கண்ணாடியில் முதலில் எழுத வேண்டும். கண்ணின் கருமணி, மூக்குத்தி, சேலைக்கரை முதலில். பிறகு முகத்தின் நிறம். எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. இடம் வலமாகும். கருமணி மயிரிழை பிசகினாலும், மேலே பூசிய நிறத்தைச் சுரண்டாமல் திருத்த வழியில்லை.

ராமர் பட்டாபிஷேகமும் வெண்ணெய்க் கிருஷ்ணனும் எழுதிய அதே கைகள் ராஜாக்களையும் தம்பதிகளையும் ஒப்பனை செய்யும் பெண்களையும் எழுதின. தங்கரேக்கும் கல்லும் பதித்த பலகைப் படத்தைவிடக் கண்ணாடிப் படத்துக்குச் செலவு குறைவு. அதனால் அரண்மனைக்கு வெளியே இருந்தவர்களின் சுவரிலும் முகங்கள் ஏறின. செட்டிநாட்டு வீடுகளும் இவற்றை வாங்கி மாட்டின.

1894இல் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் படங்களை அச்சிடும் அச்சகம் தொடங்கினார். சாமி படம் மலிவாக வீடு தேடி வந்தது. மனித முகத்தைப் போட்டோ ஸ்டுடியோ எடுத்துக்கொண்டது. படம் எழுதும் தளமாக இருந்த கண்ணாடி, அச்சுப் படத்தை மூடும் சட்டக் கண்ணாடியானது.

இன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வரும் கண்ணாடிப் படங்களில் கிருஷ்ணன் எந்த ஊருக்குப் போனாலும் கிருஷ்ணன்தான். ஆனால் ஒரு மனிதரின் உருவம் வீட்டை விட்டு வெளியேறினால் பெயர் அங்கேயே தங்கிவிடுகிறது. உங்கள் வீட்டில் இப்படியொரு படம் இருந்தால் ஈரச் சுவரில் மாட்டாதீர்கள். வண்ணம் கண்ணாடியில் ஊறுவதில்லை, ஈரம் பட்டால் உரிந்துவிடும். அதைவிட அவசரமானது, படத்தில் இருப்பவர் யாரென்று பெரியவர்களிடம் கேட்டுப் பின்பலகையில் எழுதிவைப்பது.