திருக்காவலூர்த் துறவியின் மரக்கறி உணவு: புலால் மறுத்தல் வரலாற்றில் ஒரு கூறு

புலால் மறுத்தல் தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக நிலைபெற்றுவரும் ஒழுக்கங்களுள் ஒன்று. அதன் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சமண பௌத்த சமயங்களையும் அவற்றின்பின் சைவ வைணவங்களையும் எடுத்துக்காட்டி அமைவதே பெரும்பான்மை. அவ்வரலாற்றில் கிறித்தவத் துறவியர்க்கும் ஓர் இடம் உண்டு என்பது அத்துணையாக நினைக்கப்படுவதில்லை. கொள்ளிடத்தின் வடபால், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியே அவ்விடத்தை நமக்குக் காட்டும் ஊராகும். அவ்வூர்க்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடிய வீரமாமுனிவர் புலால் உண்ணாத் துறவியாக வாழ்ந்தவர்; புலால் மறுத்தலைப் பேசும் திருக்குறளை இலத்தீனில் ஆக்கியவரும் அவரே.

ஊனுணவை மறுத்தல் என்னும் செயல் ஒன்று. அதற்குரிய காரணமோ இரண்டு. உயிர்கள்மாட்டுச் செல்லும் அருள் ஒன்று. மறுப்போனின் உயர்வைப் பிறர் அறிந்துகொள்வதற்கு உரிய அடையாளமாதல் மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதனையும், காலப்போக்கில் இரண்டாவது முதலாவதை மறைத்து நின்றது என்பதனையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

சங்க கால நிலை

சங்க காலத்தில் உணவு, நிலத்தையும் தொழிலையும் ஒட்டி வேறுபட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை இதற்குச் சிறந்த சான்று. இளந்திரையனைக் காணச் செல்லும் பாணன் வழியிலே பல குடியிருப்புகளைக் கடக்கின்றான். எயினர் ஊனோடு சோறு தருகின்றனர். வலைஞர் மீன் தருகின்றனர். மருதநிலத்து உழவர் கோழிப்பொரியலோடு வெண்சோறு தருகின்றனர். அந்தணர் மனையிலே சோற்றொடு மாதுளங்காய்க் கறி கிடைக்கின்றது. வெண்ணெயில் வெந்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்த அக்கறியுடன் மாவடு ஊறுகாயும் உண்டு. தமிழில் மரக்கறிச் சமையலை முறையாகக் கூறும் பழைய பகுதிகளுள் இஃது ஒன்றெனலாம்.

இப்பாட்டில் கருதத்தக்கது மற்றொன்றுண்டு. புலவர் இவ்வுணவுகளை ஒன்றற்கொன்று உயர்ந்ததாகவோ தாழ்ந்ததாகவோ வரிசைப்படுத்தவில்லை. எல்லா மனைகளிலும் அவர் காண்பது விருந்தோம்பலே. மேலும், அந்தணர் அனைவரும் புலால் நீத்தவர் என்னும் வரையறையும் அக்காலத்து இல்லை. தம்மை அந்தணன் என்று கூறிக்கொள்ளும் கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய புறநானூற்று 14ஆம் பாட்டில், தம் கை மென்மையாக இருப்பதற்கு ஊனும் சோறும் உண்டு வாழ்வதையே காரணமாகக் காட்டுகின்றார். அதனை அவர் மறைக்கவில்லை, அதற்கு நாணவுமில்லை. எனவே சங்க காலத்தில் புலால் உண்ணாமை பிறப்பின் அடையாளமாக இறுகவில்லை என்பது போதரும்.

அறமாக எழுந்த மறுப்பு

திருக்குறளில் நிலை மாறுகின்றது. புலான்மறுத்தல் 26ஆம் அதிகாரமாகவும் கொல்லாமை 33ஆம் அதிகாரமாகவும் துறவறவியலில் அமைந்துள்ளன. பரிமேலழகர் அவ்வியலை விரதம், ஞானம் என இருகூறாக்கி, இவ்விரு அதிகாரங்களையும் விரதத்துள் அடக்குவார். அருளுடைமையை அடுத்துப் புலான்மறுத்தல் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. பிறிதோர் உடம்பைத் தின்பவனிடத்து அருள் நில்லாது என்பதே அவ்வதிகாரத்தின் உயிர்நிலை.

அங்குத் தரப்படும் காரணங்களைத் தொகுத்து நோக்கின் உண்மை விளங்கும். ஊன் என்பது பிறிதோர் உயிரின் புண் என்று உணர்தல் ஒன்று; உண்பார் இல்லாவிடின் விற்பாரும் இலர் என்னும் பொருளியல் உண்மை ஒன்று; வேள்வி பல இயற்றுதலினும் கொன்றுண்ணாமை சிறந்தது என்னும் மதிப்பீடு ஒன்று. பிறப்பால் உயர்ந்தார் உண்ணார் என்னும் காரணம் அங்கு இல்லை. உண்ணுதலால் உடலோ கலமோ தீட்டுறும் என்னும் காரணமும் இல்லை. மறுபிறப்புக் கொள்கையைக்கூட அவ்வதிகாரம் அடிப்படையாகக் கொள்ளவில்லை.

விற்பாரும் வாங்குவாரும் பற்றிய இவ்வழக்குப் பிற்காலத்தும் தொடர்ந்தது. தனக்கெனக் கொல்லப்படாத ஊனை ஏற்றல் குற்றமன்று என்னும் பௌத்தர் கொள்கையை நீலகேசி மறுக்கின்றது. உண்போன் கொலைக்குப் பொறுப்புடையனா என்பதே அங்கு வினா. இவ்வாறு அக்காலத் தமிழ் நூல்கள் புலால் மறுத்தலை அறிவால் ஆராய்தற்குரிய அறமாகவே கொண்டன.

சொற்கள் காட்டும் மாற்றம்

இடைக்காலத்துக் கோயில்கள் மரக்கறிச் சமையலை வளர்த்தன. முதலாம் இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்டசோழபுரம் அரியலூர் மாவட்டத்திலும், சோழர் கல்வெட்டுகளையுடைய வாலிகண்டபுரம் பெரம்பலூர் மாவட்டத்திலும் உள்ளன. இத்தகைய பெருங்கோயில்களின் மடைப்பள்ளிகளில் இறைவனுக்குப் படைக்கப்பட்டது ஊனற்ற உணவே. சோழ பாண்டியர் கல்வெட்டுகளில் நெய்யமுது, பருப்பமுது, தயிரமுது, கறியமுது எனத் திருவமுது வகைகள் பலவாகக் காணப்படுகின்றன. பொரிக்கறி, புளிங்கறி என்னும் பெயர்களும் வருகின்றன.

ஈண்டுக் ‘கறி’ என்னும் சொல்லின் வரலாறு சுவையுடையது. சங்க நூல்களில் அது மிளகைக் குறிக்கும். கோயிற் கல்வெட்டுகளில் காய்களாற் சமைத்த துணையுணவைக் குறிக்கும். இற்றைத் தமிழகத்துப் பேச்சு வழக்கில், அடைமொழியின்றிக் ‘கறி’ என்றால் இறைச்சியையே பலர் கருதுவர். ஈழத்திலோ காய்கறிக்கு மரக்கறி என்னும் பெயர் இன்றும் பெருவழக்கு.

‘சைவம்’ என்னும் சொல்லின் மாற்றம் இன்னும் ஆழமானது. சிவனை முழுமுதலாகக் கொண்ட சமயத்தின் பெயர், ஊனற்ற உணவின் பெயராயிற்று. வைணவரும் உணவு விடுதியில் சைவச் சாப்பாடே கேட்கின்றார். அதன் மறுதலையாக ‘அசைவம்’ என்றொரு சொல்லும் ஆக்கப்பட்டது. புலால் மறுத்தல் என்னும் தொடரில் செயல் இருக்கின்றது. மறுப்பவனின் மனம் இருக்கின்றது. சைவம் என்னும் சொல்லிலோ மறுப்பவன் எவ்வினத்தான் என்பதே முன்னிற்கின்றது. அறம் அடையாளமாக மாறியமைக்கு இச்சொல் ஒன்றே போதிய சான்றாகும்.

மேலைநாட்டுத் துறவியர்

இவ்வடையாளத்தின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர் இத்தாலியராகிய இராபர்ட் தெ நொபிலி ஆவார். அவர் 1606இல் மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்த்துகீசியத் துறவி அங்கே சில ஆண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆயினும் மக்கள் அச்சமயத்தைப் பரங்கியர் சமயம் என்றே விலக்கினர். மாட்டிறைச்சி உண்பதும் மது அருந்துவதும் பரங்கியரின் இயல்பெனக் கருதப்பட்டன. நொபிலி காவியுடுத்துத் தனித்துறைந்தார். சோறு, காய்கறி, பால் முதலியவற்றை நாளுக்கு ஒருமுறை உண்டார். அவரது முறைபற்றி எழுந்த வழக்கில் 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி விடுத்த ஆணை பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் என்பவற்றை ஆராய்ந்து இசைவளித்தது.

நொபிலி மறுபிறப்புக் கொள்கையை மறுத்துத் தமிழில் எழுதியவர். விலங்கைக் கொல்லுதல் பாவம் என்பது அவர்தம் சமயக் கொள்கையும் அன்று. எனின், கொல்லாமைக்குச் சொல்லப்பட்ட சமயக் காரணங்களை ஏலாத ஒருவர் அதன் பயனாகிய உணவொழுக்கத்தை மட்டும் மேற்கொண்டார் என்பது தெளிவு. கொள்கையினின்று ஒழுக்கம் தனியே பிரித்தெடுக்கத் தக்கதாக இருந்தது. அஃது அவ்வாறு பிரிந்தமை, அது முன்னரே அடையாளமாகிவிட்டமையாலேயே ஆம்.

அவ்வடையாளம் குலப்பிரிவையும் உடன்கொணர்ந்தது. 1640இல் பல்தசார் தா கோசுதா பண்டாரசாமி என்னும் வேறொரு துறவுமுறையைத் தொடங்கினார். பிராமண சந்நியாசி உயர்குலத்தாரிடையே உலவ, பண்டாரசாமியார் பிற குலத்தாரோடும் பழகினர். ஒரே சமயத்தைக் கற்பித்த துறவியர், எவரோடு உண்பது, எவர் மனை புகுவது என்பனபற்றி இருவகையினராயினர்.

திருக்காவலூரில்

வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இயற்பெயர் கான்சுடன்டைன் சோசப் பெசுகி. 1710இல் கோவாவுக்கு வந்து, பின் தமிழகம் புகுந்தார். ஏலாக்குறிச்சி அந்நாளில் அரியலூர் மழவராயர் ஆட்சிப் பகுதியில் இருந்தது. அடைக்கல மாதாவின் பெயரால் அமைந்த அவ்வூர்க் கோயிலை முனிவர் திருக்காவலூர்க் கலம்பகத்தில் பாடினார். 36 படலங்களும் 3615 பாக்களும் கொண்ட தேம்பாவணியும் அவரது பேருழைப்பின் பயன்.

அவருடைய வாழ்க்கையைத் தமிழில் முதன்முதல் விரிவாக எழுதியவர் புதுவை முத்துசாமிப் பிள்ளை, காலம் 1822. முனிவர் புலாலும் மீனும் விலக்கி ஒருபொழுதே உண்டார் என அவ்வரலாறு கூறும். முனிவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகளின்பின் எழுந்த நூலாகலின், அதன்கண் செவிவழிச் செய்திகள் கலந்துள்ளன. ஆயினும் உணவுபற்றிய செய்தி, நொபிலி முதலாக வந்த மதுரை மிசன் துறவியரின் பொதுவொழுக்கத்தோடு பொருந்துதலின் ஏற்கத்தக்கதே.

அவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தமை ஏறத்தாழ 1730இல் ஆகும். அப்பணி செய்தார்க்குப் புலான்மறுத்தலையும் கொல்லாமையையும் கடந்து செல்லுதல் இயலாது. ஊரார் மதிப்பின்பொருட்டு மரபு வகுத்துத் தந்த உணவொழுக்கத்தைக் கைக்கொண்ட ஒருவர், அவ்வொழுக்கத்திற்கு மதிப்பைக் காரணமாகக் காட்டாது அருளையே காரணமாகக் காட்டும் நூலைச் சொல்தோறும் எண்ணிப் பெயர்க்க வேண்டியிருந்தது. புலால் மறுத்தலின் இரு பொருள்களும் ஒருவரிடத்தே இவ்வாறு நேர்நின்றமை நம் இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

முடிபு

துறவியரைக் குறைகூறுதல் இவ்வாராய்ச்சியின் கருத்தன்று. அவர்கள் தமிழ்ச் சமுதாயத்தில் தாம் கண்டதையே கைக்கொண்டனர். அச்சமுதாயம் அவர்களிடம் உயிர்களை நேசிக்கிறீரா என்று வினவவில்லை. என்ன உண்கிறீர் என்றே வினவியது. அவ்வினாவிற்கேற்ற விடையை அவர்கள் தந்தனர். அவர்கள் வரலாறு நமக்குக் காட்டும் கண்ணாடியில் தோன்றுவது நம் முகமே.

பின்னர் வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவியபோது, பழைய அறம் மீண்டும் தலையெடுத்தது. புலால் உண்பாரை அடிகள் புறவினத்தார் எனப் பிரித்தார் என்பது உண்மையே. எனினும் அவர்க்கும் பசி தவிர்க்க வேண்டும் என்று வரையறுத்தார். புலால் மறுத்தலைச் சீவகாருணியத்தின் கூறாகக் கண்டவர்க்கு, புலால் உண்பவனின் பசியும் ஓர் உயிரின் துன்பமாகவே தோன்றியது.

இன்றும் மரக்கறி உண்ணுதலைக் குலப்பெருமையாகவும், புலாலுண்ணுதலைக் குலத்தாழ்வாகவும் பேசுவார் உளர். அவர் தமக்குச் சான்றாகத் திருக்குறளைக் காட்டுவதும் உண்டு. வள்ளுவர் அச்சான்றினைத் தரவில்லை. அருளால் மறுப்பவன் உண்பவனை இகழான். இகழ்வானாயின் அவன் மறுத்தது ஊனை மட்டுமே என்க.